குற்றமற்றவனுக்காக மட்டும்தானா? – மரண தண்டனை பற்றிய ஐந்து திரைப்படங்கள்

திரைப்படம் பார்ப்பதில் நம் மக்களுக்கு இருக்கும் ஆர்வம், பார்த்ததைப் பற்றிப் பேசுவதில் இருப்பதில்லை. படம் முடிந்ததும் ‘நன்று’ என்றோ ‘தேறாது’ என்றோ ஒரு சொல்லில் தீர்ப்பெழுதிவிட்டு வீடு திரும்புகிறோம். ஒரே பொருளைத் தொட்ட பல படங்களை அடுத்தடுத்துப் பார்த்து, ஒன்றை மற்றொன்றோடு உரைத்துப் பார்த்தால்தான் எது பொன், எது முலாம் என்பது விளங்கும். இந்த எண்ணத்தோடு, கோரிப்பாளையத்தில் நாமும் நண்பர் நால்வரும் தவக்காலச் சனிக்கிழமை மாலைகள் ஐந்தில் ஐந்து படங்களைப் பார்த்து விவாதித்தோம். நண்பர்களுள் ஒருவர் ஓய்வு பெற்ற தமிழாசிரியர், ஒருவர் வழக்குரைஞர், ஒருவர் அரசு மருத்துவமனையில் நெடுங்காலம் பணியாற்றிய செவிலியர், மற்றொருவர் தர்காவுக்கு அருகில் கடை வைத்திருக்கும் இஸ்லாமிய அன்பர். எடுத்துக்கொண்ட பொருள் மரண தண்டனை.

இப்பொருளைத் தேர்ந்ததற்குக் காரணம் நம் இருப்பிடமே. அரசு இராசாசி மருத்துவமனையின் பிணவறை இங்குதான் உள்ளது. வெட்டுண்டவரின் உடலைப் பெறுவதற்காக வாசலில் விடிய விடியக் காத்திருக்கும் தாய்மாரை இப்பகுதியில் வாழ்வோர் காணாதிருக்க இயலாது. இதே நகரின் மத்தியச் சிறை வாசலில், மகனைக் காண மனுப்போட்டுக் காத்திருக்கும் தாய்மாரும் உண்டு. அந்த வாசலில் நிற்பவளையும் இந்த வாசலில் நின்றவளையும் ஞாயிற்றுக்கிழமை ஒரே திருப்பலியில் காணும் நிலை குருக்களுக்குப் புதிதன்று. ஆகவே ஐந்து படங்களுக்கும் ஒரே உரைகல்லை வைத்துக்கொண்டோம். பிணவறை வாசல், சிறை வாசல் ஆகிய இவ்விரண்டையும் ஒருசேரக் காணும் துணிவு எந்தப் படத்துக்கு இருக்கிறது?

கோவலனின் வழித்தோன்றல்கள்

தமிழாசிரியர் தொடக்கத்திலேயே ஓர் உண்மையை நினைவூட்டினார். ஆராயாது வழங்கிய மரண தண்டனையால் அழிந்த நகரம் என்பதே இலக்கியத்தில் மதுரையின் முதற்புகழ். கள்வன் எனப் பழி சுமத்தப்பட்டுக் கோவலன் வெட்டுண்டான், கண்ணகி வழக்குரைத்தாள், பாண்டியன் உயிர் துறந்தான், ஊர் எரிந்தது. 1964-இல் வெளிவந்த ‘பூம்புகார்’ படத்தில் விஜயகுமாரி சிலம்பை ஏந்தி அரசவையில் நின்ற காட்சி இன்றும் மூத்தோர் நினைவில் நிற்கிறது. ஆனால் கோவலன் குற்றமற்றவன். அவன் உண்மையிலேயே சிலம்பைத் திருடியிருந்தால் காப்பியம் இருந்திருக்குமா? இக்கேள்வியை மனத்தில் இருத்திக்கொண்டு முதற்படத்துக்குச் சென்றோம்.

கமல்ஹாசன் எழுதி இயக்கி நடித்த ‘விருமாண்டி’ 2004 பொங்கலுக்கு வெளிவந்தது. தமிழில் மரண தண்டனையை நேராக எதிர்கொண்ட படங்களுள் இதற்கு இணையாக வேறொன்றைச் சுட்டுதல் கடினம். ஏஞ்சலா காத்தமுத்து என்னும் பெண் சிறைக்குள் சென்று, ஆயுள் தண்டனை பெற்ற கொத்தாளத் தேவரையும் தூக்குத் தண்டனை பெற்ற விருமாண்டியையும் பேட்டி காண்கிறாள். அதே ஊர், அதே நிலம், அதே பெண், அதே குருதி. ஆயினும் இருவர் வாயில் இரு வேறு கதைகள். ஒருவர் சாட்சியத்தில் அன்னலட்சுமி விருமாண்டியால் சீரழிக்கப்பட்டவள். மற்றவர் சாட்சியத்தில் அவனை விரும்பி மணந்தவள். ஜப்பானிய இயக்குநர் குரோசவா 1950-இல் எடுத்த ‘ராஷோமோன்’ படத்தின் உத்தி இது. பசுபதியின் கொத்தாளன் தன் பொய்யைத் தானே நம்பிவிட்டவனைப் போல அமைதியாகப் பேசுகிறார். பொய்ச்சாட்சி எத்துணை எளிதாக மெய்யின் உடையை உடுத்திக்கொள்கிறது என்பதைக் காட்டிய வகையில் இப்படம் நம் மக்களுக்கு ஒரு பாடமாகும்.

ஆயினும் உரைகல்லில் வைத்தபோது ஒரு குறை புலப்பட்டது. குரோசவா எந்தச் சாட்சி மெய் என்று சொல்வதில்லை, கமல்ஹாசன் சொல்லிவிடுகிறார். இரண்டாவது சாட்சியமே உண்மை என்பது படத்தின் போக்கிலேயே ஐயமற நிலைநாட்டப்படுகிறது. விருமாண்டியின் கையிலும் குருதி உண்டு. படம் அதை மறைக்கவில்லை. ஆனால் அந்தக் குருதி சிந்தப்படுமுன்னரே அதற்கான நியாயம் நம் நெஞ்சில் எழுதப்பட்டுவிடுகிறது. எனவே அவனைத் தூக்கிலிடாதீர் என்று நாம் மன்றாடும்போது, அநீதியாகத் தண்டிக்கப்பட்ட நல்லவனுக்காகவே மன்றாடுகிறோம். உண்மையில் பழிகாரனாகிய கொத்தாளனுக்குத் தூக்கு விதிக்கப்பட்டிருந்தால் அரங்கில் யார் கண் கலங்கியிருக்கும்? தூக்குக்கு எதிராகத் தொடங்கும் படம், தவறான தீர்ப்புக்கு எதிரான படமாகச் சுருங்கி நிற்கிறது.

வழக்குரைஞர் இதை ஏற்கவில்லை. சட்டத்தின் முன் இதைவிட வலிய வாதம் வேறில்லை என்றார். 1980-இல் பச்சன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் ‘அரிதினும் அரிதான’ வழக்குகளில் மட்டும் மரண தண்டனை என்று வரையறுத்தபோது, நீதிபதி பகவதி மாறுபட்டு நின்றார். திருத்த இயலாத தண்டனையைத் தவறக்கூடிய மனிதர் வழங்குவது தகாது என்பது மாறுபட்டோரின் அடிப்படை வாதங்களுள் ஒன்று. இராஜீவ் காந்தி கொலை வழக்கில் 1999-இல் தூக்கு உறுதி செய்யப்பட்ட பேரறிவாளன், 2014-இல் ஆயுள் தண்டனைக்கு மாற்றப்பட்டு, 2022 மே மாதத்தில் விடுதலையானதை நாம் அறிவோம். தூக்கு நிறைவேறியிருந்தால் பின்வந்த தீர்ப்புகள் யாருக்குப் பயன்பட்டிருக்கும் என்று அவர் வினவினார். வாதத்தின் வன்மையை ஒப்புகிறோம். சட்டத்துக்கு அது போதும். நற்செய்திக்குப் போதுமா என்பதே நம் ஐயம்.

கயிற்றின் சாம்பல்

இரண்டாவது படம், அடூர் கோபாலகிருஷ்ணன் 2002-இல் இயக்கிய மலையாளப் படமான ‘நிழல்குத்து’. காலம் 1940-கள், களம் திருவிதாங்கூர் சமஸ்தானம். தூக்கிலிடும் தொழிலாளியான காளியப்பன், தான் தூக்கிலிட்டவருள் ஒருவன் குற்றமற்றவன் என்னும் எண்ணத்தால் உருக்குலைந்து குடியில் மூழ்குகிறான். ஒடுவில் உண்ணிகிருஷ்ணனின் தளர்ந்த நடையும் மங்கிய கண்களுமே பாதிப் படத்தைச் சொல்லிவிடுகின்றன. அவன் வீட்டில் தொங்கும் தூக்குக் கயிற்றை எரித்த சாம்பலை ஊரார் நோய்க்கு மருந்தாக வாங்கிச் செல்கின்றனர். உயிரைக் குடித்த கயிறு உயிரைக் காக்கும் என்று நம்பும் மக்கள்!

இப்படத்தில் நம்மை உலுக்கிய செய்தி வேறொன்று. தூக்கிலிட வேண்டியவனுக்கு மன்னர் மன்னிப்பு வழங்கி ஆணை அனுப்புவார். ஆனால் தண்டனை நிறைவேறிய பின்னரே சிறையை அடையுமாறு அது அனுப்பப்படும். தண்டனையும் நிறைவேறும், மன்னரும் பாவத்தினின்று தப்புவார். பிலாத்து தண்ணீர் கொண்டுவரச் சொல்லிக் கை கழுவியதைப் புனித வாரத்தில் வாசிக்கும் நமக்கு இதற்கு விளக்கம் வேண்டுவதில்லை. பாவம் மேலிருந்து கீழே கைமாறி, இறுதியில் குடிகாரத் தொழிலாளி ஒருவனின் தோளில் இறங்குகிறது. அவன் சரிந்து விழும்போது, காந்திய வழியில் நிற்கும் அவன் மகனே கயிற்றைத் தொட வேண்டியதாகிறது. கொல்லும் தொழிலில் ஒரு சமூகமே கூட்டாளி என்பதை இத்துணை அமைதியாகச் சொன்ன படம் அரிது. ஆனால் இங்கும் காளியப்பனை வதைக்கும் கேள்வி, ‘அவன் குற்றமற்றவனாயிற்றே’ என்பதுதான்.

நீண்ட கொலையும் ஒழுங்கான கொலையும்

மூன்றாம் வாரம் போலந்து சென்றோம். கீஸ்லோவ்ஸ்கி என்னும் இயக்குநர், பீசிவிச் என்னும் வழக்குரைஞரோடு சேர்ந்து, பத்துக் கட்டளைகளைத் தழுவிப் பத்துத் தொலைக்காட்சிப் படங்கள் எழுதினார். அவற்றுள் கொலையை விலக்கும் ஐந்தாம் கட்டளைக்குரியது விரிவாக்கப்பட்டு 1988-இல் ‘எ ஷார்ட் ஃபிலிம் அபௌட் கில்லிங்’ என்னும் பெயரில் திரையரங்குக்கு வந்தது. இங்கே குற்றவாளி பற்றிய ஐயமே இல்லை. ஜாசெக் என்னும் இளைஞன், சொல்லத்தக்க காரணம் ஒன்றுமின்றி, வாடகைக் கார் ஓட்டுநர் ஒருவரைக் கயிற்றால் இறுக்கிக் கொல்கிறான். அக்கொலை எளிதில் முடிவதில்லை. நம் படங்களில் அரிவாள் ஒரு நொடியில் வேலையை முடிக்க, இசை உச்சத்துக்கு ஏறுகிறது. இங்கோ ஒரு மனிதனைக் கொல்வது எத்துணை கடினம், எத்துணை அருவருப்பு என்பதை நெஞ்சு பதைக்க நீண்ட நேரம் காண்கிறோம். செவிலியர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அதன்பின் அரசு ஜாசெக்கைக் கொல்கிறது. கயிறு சோதிக்கப்படுகிறது, இயந்திரம் சரிபார்க்கப்படுகிறது, எல்லாம் ஒழுங்காக நடக்கிறது. முதற்கொலையைக் காண எப்படிக் கூசினோமோ அப்படியே இதற்கும் கூசுகிறோம். சாகுமுன் அவன் தன் வழக்குரைஞரிடம், டிராக்டர் ஏறி இறந்த தன் சிறு தங்கையைப் பற்றிச் சொல்லி, குடும்பக் கல்லறையில் தனக்கும் இடம் கேட்கிறான். அவன் நல்லவனாகிவிடவில்லை; மனிதன் என்பது மட்டும் தெரிகிறது. கொலைகாரன் என்று அறிந்த பின்னும் ‘இவனைக் கொல்லாதீர்’ என்று நம்மைச் சொல்லவைக்கும் முதற்படம் இதுவே. போலந்தில் கடைசித் தூக்கு நிறைவேறியது 1988 ஏப்ரலில். பின்னர் அத்தண்டனை நீக்கப்பட்டது.

எனினும் செவிலியர் எழுப்பிய வினா கூர்மையானது. “சாமி, அந்த ஓட்டுநருக்கு வீட்டில் யாரும் இல்லையா? அவருக்காக அழ ஒருவரைக்கூடப் படம் காட்டவில்லையே!” உண்மைதான். கீஸ்லோவ்ஸ்கி சிறைக்குள் அழைத்துச் செல்கிறார். பிணவறை வாசலுக்கு அழைத்துச் செல்லவில்லை.

இரு வாசல்களிலும் ஒரு பெண்

நான்காம் வாரம் பார்த்த ‘டெட் மேன் வாக்கிங்’ அவ்வாசலுக்குச் செல்கிறது. அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் மரண தண்டனைக் கைதிகளுக்குத் துணைநின்ற அருட்சகோதரி ஹெலன் பிரஜான் எழுதிய நூலைத் தழுவி டிம் ராபின்ஸ் இயக்கி 1995 இறுதியில் வெளிவந்த இப்படத்தில், அருட்சகோதரியாக நடித்த சூசன் சரண்டன் ஆஸ்கர் விருது பெற்றார். கைதி போன்ஸ்லெட் வெறுக்கத்தக்கவன், இனவெறி பேசுகிறவன், தான் கொல்லவில்லை என்று பொய் சொல்கிறவன். இயக்குநர் அவனை நம் அன்புக்குரியவனாக்க எளிய வழி எதையும் தேடவில்லை.

படத்தின் உயிர்நிலை சிறையில் இல்லை. கொலையுண்ட இளையோர் இருவரின் பெற்றோர் இல்லங்களில் உள்ளது. அருட்சகோதரி அங்குச் செல்கிறார். மகளை இழந்த பெற்றோர், அவர் தங்கள் பக்கம் வந்துவிட்டார் என்று மகிழ்ந்து வரவேற்கின்றனர். கைதிக்கும் துணையாகவே இருக்கிறார் என்று அறிந்ததும் வீட்டை விட்டு வெளியேறச் சொல்கின்றனர். அவர்கள் சினத்தைப் படம் ஏளனம் செய்யவில்லை. அது நியாயமான சினம் என்றே நமக்கும் தோன்றுகிறது. மகனை இழந்த தந்தை டெலக்ரோவா மட்டும் வெறுப்புக்கும் வேண்டுதலுக்கும் இடையில் தவிக்கிறார். இறுதியில் நச்சூசி ஏற்றப்படும்போது, அன்றைய கொலையையும் இன்றைய தண்டனையையும் திரை மாற்றி மாற்றிக் காட்டுகிறது. ஒன்றை மறந்து மற்றொன்றுக்கு அழும் வசதி நமக்கு மறுக்கப்படுகிறது. சாகுமுன் போன்ஸ்லெட் தன் குற்றத்தை ஏற்று, அந்தத் தந்தையிடம் மன்னிப்புக் கேட்கிறான். ஒப்புரவு அருட்சாதனத்தைப் பற்றி நாம் ஆற்றும் மறையுரைகள் பலவற்றைவிட அக்காட்சி ஆழமானது. மன்னிப்புக் கேட்கும் முன் உண்மையைச் சொல்ல வேண்டும். ‘நான் செய்தேன்’ என்று சொல்ல ஒருவனுக்கு நேரமும், அருகே ஒரு முகமும் வேண்டும்.

சிறையின் ஆன்ம குருவாக ஒருவர் இப்படத்தில் வருகிறார். விதிகளை நன்கறிந்தவர், அருட்சகோதரி துறவற உடை அணியாததைக் குறைகூறுபவர், கைதியின் அறைக்கும் தமக்கும் இடைவெளி காப்பவர். குருக்கள் அனைவரும் நின்று பார்க்க வேண்டிய கண்ணாடி அது.

1995: ஓர் ஆண்டின் நிகழ்வுகள்

இப்படம் வெளிவந்த ஆண்டு நம்மைச் சிந்திக்க வைத்தது. 1995 மார்ச் 25-இல் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் ‘வாழ்வின் நற்செய்தி’ என்னும் சுற்றுமடலை வெளியிட்டு, மரண தண்டனை தேவைப்படும் சூழல் இக்காலத்தில் இல்லையென்றே சொல்லத்தக்க அளவு அரிது என்று கற்பித்தார். அடுத்த மாதம் 27-ஆம் நாள் சேலம் மத்தியச் சிறையில் ஆட்டோ சங்கர் தூக்கிலிடப்பட்டார். இவ்விரண்டுக்கும் முன்னர், பிப்ரவரி 25-இல், மத்தியப் பிரதேசத்தின் இந்தூர் பகுதியில் அருட்சகோதரி ராணி மரியா பேருந்துப் பயணத்தின்போது குத்திக் கொல்லப்பட்டார். ஏழை உழவரைக் கடனிலிருந்து மீட்க உழைத்தமைக்காக வந்த சாவு அது.

அவரைக் கொன்ற சமுந்தர் சிங்கின் கதையைச் சொல்லும், கேத்தரின் மெக்கில்வ்ரே இயக்கிய ‘தி ஹார்ட் ஆஃப் எ மர்டரர்’ என்னும் ஆவணப்படமே நாம் ஐந்தாவதாகக் கண்டது. ராணி மரியாவின் தங்கையும் துறவியுமான செல்மி பால் சிறைக்குச் சென்று சமுந்தர் சிங்கின் கையில் ராக்கி கட்டி அவரைச் சகோதரனாக ஏற்றார். குடும்பத்தாரும் மன்னித்து அவர் விடுதலைக்கு வேண்டினர். 2006-இல் விடுதலை கிடைத்தது. 2017 நவம்பர் 4-இல் இந்தூரில் ராணி மரியா அருளாளராக உயர்த்தப்பட்ட விழாவில் அவரைக் கொன்றவரும் கலந்துகொண்டார். கலைநயத்தில் இது கீஸ்லோவ்ஸ்கியின் படத்துக்கு நிகராகாது. ஆனால் மற்ற நான்கு படங்களும் கேட்ட கேள்விக்கு, உயிரோடு நடமாடும் விடையை இப்படம் காட்டுகிறது. தூக்கிலிடப்பட்டவனால் இத்தகைய மனமாற்றத்துக்குச் சான்று பகர இயலாது.

இங்கே இஸ்லாமிய அன்பர் சொன்னதைக் குறிப்பிட வேண்டும். அவர்தம் நெறியில் கொலைக்குக் கொலை கோரும் உரிமை கொலையுண்டவரின் குடும்பத்தாருக்கு உண்டு. மன்னிக்கும் உரிமையும் அவர்களுக்கே உண்டு. மன்னித்தல் மேலானதாகப் போற்றப்படுகிறது. “அழுகிறவர் வாயிலிருந்து வரும் மன்னிப்புக்குத்தான் மதிப்பு, பார்த்துக்கொண்டிருக்கிறவர் சொல்லும் மன்னிப்புக்கு என்ன விலை?” என்றார். செவிலியரும் தலையசைத்தார். இழப்பே இல்லாதவர் இழந்தவருக்கு மன்னிப்பைப் போதிப்பது, பசியறியாதவர் நோன்பைப் போதிப்பது போன்றது.

திருச்சபை நடந்த தொலைவு

இதைப் பேசும்போது நம் வரலாற்றையும் மறைத்தல் ஆகாது. திருத்தந்தையர் ஆண்ட நாடுகளில் மரண தண்டனை வழக்கில் இருந்தது. புகாத்தி என்பவர் 1796 முதல் 1864 வரை அங்கே தண்டனை நிறைவேற்றுபவராகப் பணியாற்றி 516 பேருக்கு அதனை நிறைவேற்றியதாகக் குறிப்புகள் உள்ளன. வத்திக்கான் நகர நாட்டின் சட்டத்திலிருந்து அத்தண்டனை 1969-இல் நீங்கியது. 1992-இன் மறைக்கல்வி நூல் மிகக் கொடிய குற்றங்களுக்கு அதனை விலக்கவில்லை, 1997-இல் திருத்தப்பட்டது, 2018 ஆகஸ்டில் திருத்தந்தை பிரான்சிஸ் 2267-ஆம் பத்தியை மாற்றி, மனித மாண்புக்கு ஊறு செய்வதால் மரண தண்டனை ஏற்க இயலாதது என்று அறிவித்தார். கொடிய குற்றத்தைச் செய்த பின்னரும் மனித மாண்பு அழிவதில்லை என்று அப்பத்தி கூறுகிறது. குற்றமற்றவனைப் பற்றிய போதனையன்று இது, குற்றவாளியைப் பற்றியது.

இங்குதான் நம் திரைப்படங்கள் இன்னும் தயங்கி நிற்கின்றன. 2024-இல் வந்த ‘வேட்டையன்’ காவல்துறையின் ‘என்கவுன்ட்டர்’ கொலைகளை வினவத் துணிந்தது பாராட்டத்தக்கது. ஆனால் அங்கும் சுடப்பட்டவன் குற்றமற்றவன் என்பது தெரிந்த பிறகே நாயகனின் மனசாட்சி விழிக்கிறது. கோவலன் தொடங்கி இதே வழிதான். 2019 டிசம்பரில் ஐதராபாத் அருகே பாலியல் வன்கொலை வழக்கில் பிடிபட்ட நால்வர் சுட்டுக் கொல்லப்பட்டபோது மக்கள் காவலர்மீது மலர் தூவினர். 2020 மார்ச்சில் திகார் சிறையில் நால்வர் தூக்கிலிடப்பட்டபோதும் மகிழ்ந்தவர் பலர். அத்தகைய நாள்களில் நம் பங்கு மக்களின் பேச்சும் வேறாக இருந்ததில்லை. அவர்களைக் கடிந்துகொள்ள நாம் விரும்பவில்லை. அந்தச் சினத்தின் அடியில், பெண் மக்களைப் பெற்றவர்களின் அச்சம் இருக்கிறது. அந்த அச்சத்துக்கு மறுமொழி சொல்லாத எந்தக் கருணையும் அவர்கள் செவியில் ஏறாது.

ஆதலால் நம் திறனாய்வின் முடிவு இது: கலையால் கீஸ்லோவ்ஸ்கியின் படம் முதன்மையானது, நம் மண்ணின் மொழியாலும் நடிப்பாலும் ‘விருமாண்டி’ நமக்கு அண்மையானது, நம் கூட்டுப் பொறுப்பை உணர்த்துவதில் ‘நிழல்குத்து’ நுண்மையானது, இரு வாசல்களிலும் நின்ற வகையில் ‘டெட் மேன் வாக்கிங்’ நிறைவானது. தமிழாசிரியர் மட்டும் இத்தீர்ப்பில் கையொப்பமிட மறுத்து, கண்ணகிக்கு மேல் ஒருவரையும் வைக்க இயலாது என்று சொல்லிவிட்டார். வழக்கு நிலுவையில் உள்ளது.

சிலுவைப் பாதையின் பன்னிரண்டாம் நிலையில் நாம் முழந்தாளிடும்போது கண்முன் நிற்பது குற்றமற்றவரின் சாவு. அவருக்காக அழுவது எளிது. எருசலேமின் பெண்களும் அழுதனர். ஆனால் லூக்கா நற்செய்தியாளர் அம்மலையில் வேறொருவனின் குரலையும் பதிந்து வைத்திருக்கிறார். தான் பெறும் தண்டனை தன் செயலுக்குத் தக்கதே என்று ஒப்புக்கொண்ட குற்றவாளியின் குரல் அது. விண்ணக வாக்குறுதி அன்று கிடைத்தது அவனுக்கு. அவன் யாரைக் கொன்றான், யாருடைய வீட்டில் இழவு விழுந்தது என்று நற்செய்தி கூறவில்லை. அந்த வீட்டுக்குச் செல்லும் பொறுப்பு நமக்கு விடப்பட்டிருக்கிறது போலும்.

பங்குகளில் தவக்காலத் தியானத்துக்கு வழி தேடும் அன்பர்கள் இப்படங்களுள் ஒன்றையேனும் கூடிப் பார்த்துப் பேசலாம். அதற்குமுன், தம் தெருவில் கொலையால் ஒருவரை இழந்த வீடு இருந்தால், அங்குச் சென்று சற்று நேரம் உட்கார்ந்து வருதல் நலம். பின்னர் சிறையில் மகனை வைத்திருக்கும் வீட்டுக்கும் செல்லலாம். இரண்டு வீடுகளிலும் நாம் சொல்ல வேண்டியது குறைவு. கேட்க வேண்டியது மிகுதி.